ஒரு பத்து நாள் பயிற்சியும், நான் தப்பாக நடத்திய ஒரு பாடமும்

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் அணைத்துவிட்டு வந்து உட்காருங்கள்.

போன வாரம் 1999 பேட்ச் மாணவி ஒருத்தி போன் செய்தாள். இப்போது அவளும் என்னைப் போல வரலாற்று ஆசிரியை. வேறு மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இருக்கிறாள். ஐந்து நாள் பணியிடைப் பயிற்சிக்கு ஆர்டர் வந்திருக்கிறதாம். "சார், பத்தாம் வகுப்புக்கு போர்ஷன் பாக்கி இருக்கு. சின்னவனுக்கு ஜுரம். எப்படியாவது தப்பிச்சுக்கலாமான்னு பார்க்கிறேன். உங்க சர்வீஸ்ல இந்த ட்ரெய்னிங்கால உருப்படியா ஏதாவது கிடைச்சுதா? உண்மையைச் சொல்லுங்க" என்று கேட்டாள்.

பாதி பதிலை போனிலேயே சொல்லிவிட்டேன். மீதியைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அது அவளுக்கு மட்டும் சொல்ல வேண்டியதும் இல்லை. 1981 முதல் 1994 வரை வந்தவாசிப் பக்கம் என்னிடம் வரலாறு படித்த எல்லாருக்கும் சொல்ல வேண்டியது.

முதலில் சுலபமான பாதி. பீரோவில் ஒரு பச்சைக் கோப்பு இருக்கிறது. பயிற்சிச் சான்றிதழ்கள் எல்லாம் அதில்தான். அவள் கேட்டதும் எடுத்து வைத்துக்கொண்டு நாட்களைக் கூட்டினேன். 32 வருட சர்வீஸில் 143 நாள். கேட்க நிறைய போலத் தெரியும். ஆனால் கோத்தாரி கல்விக் குழு 1966ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது, ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று மாதமாவது பணியிடைப் பயிற்சி வேண்டும் என்று. அந்தக் கணக்கில் எனக்குக் குறைந்தது ஒரு முழு வருடம் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தது ஐந்து மாதத்துக்கும் குறைவு. அதிலும் எய்ட்ஸ் விழிப்புணர்வு, பேரிடர் மேலாண்மை, கணினி, மதிப்பீட்டு முறை எல்லாவற்றையும் கழித்தால் வரலாறு என்று மிஞ்சுவது 26 நாள். மற்றவை வேண்டாதவை என்று சொல்லவில்லை. பேரிடர் பயிற்சியில் கற்ற முதலுதவி ஒரு பையனின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் என்னை வரலாற்று ஆசிரியன் என்றுதானே சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள்?

1986இல் தேசியக் கல்விக் கொள்கை வந்தது. அந்தக் கையோடு கோடை விடுமுறையில் ஆசிரியர்களைக் கூட்டமாக உட்கார வைத்துப் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு மாவட்டத்துக்கு ஒன்றாக ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் வந்தன. 2001இல் அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்ததும் வட்டார வள மையம், குறுவள மையம், சனிக்கிழமைக் கூட்டம் எல்லாம் தொடங்கின. ஆனால் அது எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஒன்பது, பத்து நடத்தும் எங்களைப் போன்றவர்களுக்கு 2009இல் இடைநிலைக் கல்வித் திட்டம் வரும்வரை பெரிய கவனிப்பு இல்லை. அதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது.

பெரும்பாலும் எல்லாமே அடுக்கு முறைதான். டெல்லியில் சிலருக்குச் சொல்வார்கள். அவர்கள் சென்னையில் சொல்வார்கள். சென்னையில் கேட்டவர் மாவட்டத்தில் சொல்வார். மாவட்டத்தில் கேட்டவர் எங்களுக்குச் சொல்வார். டெல்லியில் கெட்டித் தயிராகக் கிளம்பியது எங்கள் ஒன்றியத்துக்கு வரும்போது நீர்மோர் ஆகிவிடும். வெயிலுக்கு நீர்மோரும் நல்லதுதான். ஆனால் கருத்தாளராக வந்தவரே முந்தின நாள்தான் அந்தப் புத்தகத்தைப் பார்த்தார் என்றால் அவர்மேல் என்ன குற்றம் சொல்வது? நானே இரண்டு முறை அப்படிக் கருத்தாளராக நின்று, வேர்க்க விறுவிறுக்க வாசித்துவிட்டு இறங்கியிருக்கிறேன்.

இவ்வளவும் சுலபமான பாதி. இனி கூச்சமான பாதி.

என்னிடம் படித்தவர்களுக்கு "குடம்" என்று சொன்னால் போதும், சிரிப்பீர்கள். குடவோலைப் பாடம். நான் வீட்டிலிருந்து பித்தளைக் குடம் எடுத்துக்கொண்டு வருவேன். (அது என் மனைவி வீட்டுச் சீர். ஒவ்வொரு வருடமும் ஒரு நெளிவோடு திரும்பி வரும்.) பனை ஓலை நறுக்கில் எல்லார் பெயரையும் எழுதிக் குடத்தில் போடுவோம். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு பொடியனைக் கூட்டி வந்து கையை விட்டு எடுக்கச் சொல்வோம். பெயரைப் படித்ததும் வகுப்பே கைதட்டும். நான் கரும்பலகையில் "உத்திரமேரூர், கி.பி. 919, 921" என்று எழுதிவிட்டு, "ஓட்டுப்பெட்டி வெள்ளைக்காரன் கொடுத்தது இல்லடா. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நம்ம கிராமத்துல எல்லாரும் சேர்ந்து தலைவரைத் தேர்ந்தெடுத்தாங்க. இதுதான் மக்களாட்சி" என்று முடிப்பேன். ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் அந்தப் பாடத்தைப் பாராட்டிப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். என் சர்வீஸிலேயே பேர் வாங்கிக் கொடுத்த பாடம் அது.

2020இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் பேச்சில் உத்திரமேரூர் வந்தது. அன்று ராத்திரிக்குள் உங்களில் பதினேழு பேர் அந்த வீடியோவை எனக்கு அனுப்பினீர்கள். "சார், நீங்க அப்பவே சொன்னீங்க!" என்று. நான் ஒருவருக்கும் பதில் போடவில்லை. கோபமோ அலட்சியமோ இல்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

1987ஆம் வருடம் அதே பாடம். பொடியன் ஓலையை எடுத்துவிட்டான், கைதட்டி முடித்தாயிற்று. கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். காலனியிலிருந்து வருபவன். பெயரைச் சொல்ல மாட்டேன். "சார், எங்க தாத்தாவோட தாத்தா பேரு அந்தக் கொடத்துல இருந்திருக்குமா?" என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியாது. தெரியாது என்பதே அப்போது எனக்குத் தெரியாது. பெல் அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. "எல்லார் பேரும்தான் போடுவாங்க, உட்காருடா" என்றேன். உட்கார்ந்துவிட்டான். அவ்வளவுதான் நடந்தது.

ஏழு வருடம் போயிற்று. 1994 ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கு ஒரு கடிதம் வந்தது. மே மாதம் காஞ்சிபுரத்தில் வரலாற்று ஆசிரியர்களுக்குக் கல்வெட்டுப் பயிற்சி, பத்து நாள், பள்ளிக்கு ஒருவர். எங்கள் பள்ளியில் இரண்டு பேர் இருந்தோம். மூத்தவர், "முட்டி வலிப்பா, நீ போய்ட்டு வந்துடு" என்றார். ஆசைப்பட்டுப் போனேன் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். லீவில் பத்து நாள் போகிறதே என்று முணுமுணுத்துக்கொண்டேதான் பஸ் ஏறினேன். சொந்தங்களே, செய்யாறு கல்யாணத்துக்கு நான் வரவில்லை என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறீர்களே, அது இந்தப் பத்து நாளில்தான் வந்தது.

38 பேர் வந்திருந்தோம். அதில் பெண்கள் நான்கு பேர். ஒருவர் கைக்குழந்தையையும் தன் அம்மாவையும் கூட்டி வந்து பக்கத்தில் அறை எடுத்திருந்தார். மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவார். தங்கிப் படிக்கும் பயிற்சி என்றால் அது யாருக்கு எட்டும், யாருக்கு எட்டாது என்று அன்றைக்கு யோசித்தேனா என்று கேட்டால், இல்லை. என் இரண்டு பிள்ளைகளையும் ஒருத்தி வீட்டில் பார்த்துக்கொண்டதால்தான் நான் அங்கே உட்கார முடிந்தது. சின்னவனுக்கு ஜுரம் என்று அவள் போனில் சொன்னபோதுதான் இது உறைத்தது.

பாடம் எடுத்தவர் தொல்லியல் துறையில் ஓய்வு பெற்ற ஒரு கல்வெட்டாய்வாளர். ஒல்லியான மனிதர், காக்கிப் பை, குரல் எழும்பாது. முதல் நாள் முதல் கேள்வி: "உங்க பாடப் புத்தகத்துல வர்ற கல்வெட்டுல ஒண்ணையாவது நேர்ல பார்த்தவங்க கை தூக்குங்க." ஐந்து கை எழுந்தது. என் கை எழவில்லை. பதின்மூன்று வருடமாக உத்திரமேரூர் நடத்துகிறேன். எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ். ஒருநாளும் போனதில்லை.

முதல் மூன்று நாள் எழுத்து. கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகரம் ஏகாரம் வித்தியாசம் கிடையாது. ரகரமும் துணைக்காலும் ஒரே கோடு. நடுநடுவே கிரந்தம் வேறு. முதல் வரியைப் படிக்க எனக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. எம்.ஏ. வரலாறு படித்தவன், ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். தப்பாகப் படித்தால் அவர் திருத்த மாட்டார். "இன்னொரு தடவை பாருங்க" என்பார். அவ்வளவுதான்.

நான்காம் நாள் மைப்படி எடுக்கக் கற்றுக்கொடுத்தார். தனியாகக் கிடந்த ஒரு பலகைக் கல்லைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் விரித்து, நார் பிரஷால் பதமாகத் தட்ட வேண்டும். தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும். அவசரப்பட்டால் கிழியும். ஈரம் பாதி இழுத்ததும் துணிப்பந்தில் மையைத் தொட்டு ஒற்றி ஒற்றி எடுத்தால் தாள் கறுப்பாகும், எழுத்து மட்டும் வெள்ளையாக மேலே வரும். என் முதல் படி பாதியில் கிழிந்தது. இரண்டாவது தேறியது. அதை இன்னமும் வைத்திருக்கிறேன். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு கல்தச்சன் உளி வைத்த இடம் நம் விரலுக்கு அடியில் வருகிறது. புத்தகத்தில் நாலு வரியாகப் பார்த்ததை அதற்குப் பிறகு அதே மாதிரி நடத்த மனம் வருமா?

ஏழாம் நாள் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில். அந்த மண்டபச் சுவர்தான். சாக்பீஸ் தடவக் கூடாது, விரலால் தேய்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு ஆளுக்கொரு சைக்ளோஸ்டைல் தாள் கொடுத்தார். கல்வெட்டு வாசகம் முழுவதும் அதில் இருந்தது. ஒரு வெள்ளைத் தாளில் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் "உள்ளே", இன்னொரு பக்கம் "வெளியே" என்று எழுதச் சொன்னார். கல்வெட்டை ஒவ்வொரு விதியாகப் படித்து, யார் குடத்துக்கு உள்ளே, யார் வெளியே என்று நிரப்ப வேண்டும். அவர் நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று. இரண்டே வருடத்தில் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். முதலில் வயது 30க்கு மேல் 60க்குள். பிறகு 35க்கு மேல் 70க்குள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வேதம் ஓதியிருக்க வேண்டும். அரைக்கால் வேலிதான் உண்டு என்றால் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் அறிந்தவராக இருக்க வேண்டும். முந்தின மூன்று வருடத்தில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது. அவர் மட்டுமா? சிற்றன்னை மகன், அத்தை மகன், மாமன் என்று அவருடைய உறவு வரிசையே கூடாது. திருடியவர் கூடாது, பாதகம் செய்தவர் கூடாது. தள்ளி வைக்கப்பட்டவரோடு சேர்ந்தவரும் கூடாது.

கணக்குக் காட்டாதவனின் மாமன் மச்சான்கூட நிற்கக் கூடாது என்பதைப் படித்தபோது எல்லாரும் சிரித்தோம். இன்றைக்கு இதைக் கொண்டுவந்தால் எத்தனை பேர் தேறுவார்கள் என்று ஒருவர் கேட்டார். அந்த விதியை எழுதியவர்களை இப்போதும் மெச்சுகிறேன். முப்பது குடும்பு, அதாவது வார்டு. சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். 360 நாள் பதவி. விவரம் தெரியாத சிறுவனை விட்டு ஓலை எடுக்கச் சொல்லி, மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அதை வாங்கிப் படிக்க வேண்டும். ஓலையை விரலுக்குள் மாற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான். இதெல்லாம் பெரிய விஷயம். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்த ஊர் அது.

ஆனால் என் தாளில் "வெளியே" பக்கம் நிரம்பிக்கொண்டே போயிற்று. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். பிராமணர்களுக்குத் தானமாக விட்ட ஊர். அங்கே கூடியது அவர்களுடைய சபை. வேளாளர் ஊர்களில் கூடியதற்கு "ஊர்" என்று பெயர், வணிகர் கூடியதற்கு "நகரம்" என்று பெயர். சபையின் குடத்தில் உழுதவன் பெயர் இல்லை. குயவர், தச்சர், வண்ணார் இல்லை. பெண்கள் எவருமே இல்லை. சேரி இல்லவே இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் இராஜராஜனின் கல்வெட்டுகள் ஊர்களுக்கு வரி நீக்கிய இடங்களைக் கணக்கிடும்போது சுடுகாடு, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று வரிசையாகச் சொல்கின்றன. அந்தச் சொல் அங்கே கல்லில் இருக்கிறது. உத்திரமேரூர்க் குடத்துக்கும் அந்தச் சேரிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று யாரும் எனக்குத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று. யாரும் ஓட்டே போடவில்லை. அது சீட்டு எடுப்பது. ஏதென்ஸிலும் சீட்டு எடுத்துத்தான் பல பதவிகளை நிரப்பினார்கள். அங்கே பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமில்லை என்று ஒவ்வொரு வருடமும் அழுத்தி நடத்துவேன். நம்மூர் என்று வந்ததும் வாய் அடைத்துக்கொண்டது.

கடைசி பெஞ்சுப் பையன் அந்தச் சுவர் முன்னால்தான் ஞாபகம் வந்தான். அவன் கேட்ட கேள்வி, நான் பதின்மூன்று வருடம் நடத்தியும் கேட்காத கேள்வி. கல்வெட்டாய்வாளர் தாளில் கோடு கிழிக்கச் சொன்னதும் அதே கேள்விக்குத்தான். அவன் ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்டுவிட்டான். நான் உட்காரச் சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம் கோயில் வாசலில் டீ குடிக்கும்போது அவரிடம் கேட்டேன், "அப்புறம் ஏன் சார் எல்லாரும் மக்களாட்சின்னே எழுதினாங்க?" அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். 1830லேயே மெட்காஃப் என்ற வெள்ளைக்கார அதிகாரி இந்தியக் கிராமங்களைக் குட்டிக் குடியரசுகள் என்று எழுதி வைத்தார். 1898இல் இந்தக் கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டன. வெங்கய்யா படித்து வெளியிட்டார். அது "இந்தியர்களுக்குத் தங்களைத் தாங்களே ஆளத் தெரியாது" என்று லண்டனில் பேசிக்கொண்டிருந்த காலம். அப்போது கையில் இப்படி ஒரு கல்வெட்டு கிடைத்தால் யார் விடுவார்கள்? ராதாகுமுத் முகர்ஜி 1919இல் பண்டைய இந்தியாவின் உள்ளாட்சி பற்றி ஒரு புத்தகமே எழுதினார். நீலகண்ட சாஸ்திரியார் 1932இல் சோழர் ஆட்சிமுறை பற்றிய நூலில் உத்திரமேரூருக்குத் தனி இடம் கொடுத்தார். சாஸ்திரியார் சபை யாருடையது என்பதை மறைக்கவில்லை. அவர் புத்தகத்திலிருந்து பாடநூலுக்கு, பாடநூலிலிருந்து கைடுக்கு, கைடிலிருந்து என் வாய்க்கு என்று இறங்கி வரும்போதுதான் அது உதிர்ந்துபோனது. இதுவும் அடுக்கு முறைதான்! சுதந்திரப் போராட்டத்துக்கு அந்தப் பெருமை தேவைப்பட்டது, அதைக் குறை சொல்ல முடியாது என்றார். ஆனால் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், மெட்காஃப் பெயரைச் சொல்லியே அந்தக் கிராமக் குடியரசுப் பெருமையை மறுத்துப் பேசியிருக்கிறார். அதை நாம் எத்தனை பேர் படித்தோம் என்றும் கேட்டார். நான் படித்ததில்லை.

காஞ்சிபுரம் திரும்பியதும் கராஷிமாவின் ஒரு கட்டுரையை எடுத்துக் கொடுத்தார். 1966இல் எழுதியது. திருச்சி பக்கம் அல்லூர், ஈசானமங்கலம் என்று இரண்டு ஊர்களின் சோழர் காலக் கல்வெட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். ஒன்று வேளாளர் ஊர், மற்றது பிரமதேயம். நிலம் ஒன்றில் ஊருக்குப் பொது, மற்றதில் தனித்தனி ஆள் சொத்து. ஒரு ஜப்பானியர் நம்மூர்க் கல்வெட்டை உட்கார்ந்து படித்து இதைச் சொல்ல வேண்டியிருந்தது. நான் கைடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஜூனிலிருந்து பாடத்தை மாற்றினேன். பித்தளைக் குடம் அப்படியே வந்தது (நெளிவும்தான்). ஆனால் ஓலையில் அவரவர் பெயர் இல்லை. சோழர் காலத்து ஆட்களை எழுதி, முதலில் ஆளுக்கொரு சீட்டு எடுக்க வைத்தேன்: கால் வேலிக்காரர், உழவர், குயவர், கணக்கர், தேவரடியார், வெட்டியான், விதவை, பறையடிப்பவர், ஏழை வேதியர். பிள்ளைகள் அவரவர் வீட்டுச் சாதியாக நிற்கக் கூடாது, அதனால்தான் சீட்டு. பிறகு விதிகளை ஒவ்வொன்றாகப் படிப்பேன். தகுதி இல்லாதவர் உட்கார வேண்டும். முதல் வருடம் 42 பேரில் கடைசியாக நின்றது இரண்டு பேர். அந்த இரண்டு பெயரைக் குடத்தில் போட்டுக் குலுக்கினோம். யாரும் கைதட்டவில்லை. ஒரு பெண், "அப்ப ஏரியில தண்ணி திறக்கிறது யாருன்னு இந்த ரெண்டு பேரா சார் முடிவு பண்ணுவாங்க?" என்று கேட்டாள். அன்றைக்குப் பாடம் முடியவே இல்லை. அடுத்த நாளும் ஓடிற்று.

எதிர்ப்பும் வந்தது. ஐந்து மார்க் கேள்விக்கு எதற்கு இந்த வம்பு என்று பள்ளியிலேயே கேட்டார்கள். தமிழன் பெருமையைக் குறைக்கிறீர்கள் என்று ஒரு தகப்பனார் வந்து சண்டை போட்டார். அவரிடம் மானூர் பற்றிச் சொன்னேன். பாண்டிய நாட்டில் அந்த ஊர்ச் சபை உத்திரமேரூருக்கு நூறு வருடத்துக்கு மேல் முன்னாலேயே யார் சபையில் பேசலாம் என்று விதி எழுதி வைத்தது. அகநானூற்றிலேயே குடவோலை பற்றிய குறிப்பு இருக்கிறது. பெருமைக்குக் குறைவே இல்லை, பெருமையோடு சேர்த்துக் கணக்கையும் சொல்கிறேன் என்றேன். அவர் சமாதானம் ஆகவில்லை. பையன் மட்டும் அந்த வருடம் வரலாற்றில் 91 வாங்கினான்.

இனி அந்தக் கடைசி பெஞ்ச். 2014இல் அந்தப் பேட்ச் இருபத்தைந்தாம் ஆண்டுச் சந்திப்பு வைத்து என்னைக் கூப்பிட்டார்கள். அவரும் வந்திருந்தார். மின்வாரியத்தில் வேலை, மீசை நரைத்திருந்தது. தனியாகக் கூட்டிப் போய், நான் இருபத்தேழு வருடமாகச் சுமந்ததைச் சொன்னேன். அந்தக் குடத்தில் அவருடைய முன்னோர் பெயர் இருந்திருக்காது, நான் தெரியாமல் தப்பாகச் சொன்னேன், மன்னித்துவிடு என்றேன். அவர் என்னையே பார்த்தார். "நானா கேட்டேன் சார்? ஞாபகமே இல்லையே." கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே, "நீங்க 'உட்காருடா'ன்னு சொன்னது எத்தனையோ தடவை சார். எதைன்னு ஞாபகம் வச்சுக்கிறது?" என்றார்.

மன்னிப்புக் கேட்கப் போனவனுக்கு அதைவிடப் பெரிய பதில் கிடைக்காது. மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

சரி அம்மா, உன் கேள்விக்கு வருகிறேன். போ. ஐந்து நாளில் மூன்றரை நாள் நீர்மோராகத்தான் இருக்கும், மனதைத் தேற்றிக்கொள். 2020 கல்விக் கொள்கை வருடத்துக்கு 50 மணி நேரம் என்கிறது. செல்போனில் வீடியோவை ஓடவிட்டுக் கத்தரிக்காய் நறுக்கியும் அந்த மணி நேரத்தை முடிக்கலாம் என்று எனக்கும் தெரியும். உங்கள் காலத்தில் நிஷ்தா, திக்ஷா என்று கைக்குள்ளேயே பாடம் வந்துவிட்டது. ஜுரக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு படிக்க முடிகிறதே, அது சின்ன விஷயம் இல்லை. அந்தக் கைக்குழந்தைக்கார டீச்சர் இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் கல்லைத் தொட்டுப் பார்க்கிற பயிற்சியை செல்போன் கொடுக்காது. கருத்தாளர் யாராக இருந்தாலும் ஒன்று கேள்: மூல வாசகம் கையில் கொடுப்பீர்களா என்று. கொடுத்தால் நல்ல பயிற்சி. இல்லையென்றால் பின்வரிசையில் உட்கார்ந்து நீயே ஏதாவது படி.

அதற்கு வெளியேயும் வழி இருக்கிறது. டெல்லியில் 1979இல் தொடங்கிய பண்பாட்டு வள மற்றும் பயிற்சி மையம், சி.சி.ஆர்.டி. என்பார்கள், பள்ளி ஆசிரியர்களுக்கென்றே நடத்துகிறது. நான் இரண்டு முறை விண்ணப்பித்தேன். இரண்டு முறையும் விண்ணப்பம் இங்கேயே ஓர் அலுவலக மேசையைத் தாண்டவில்லை. நீ நேரில் போய் நின்று கையெழுத்து வாங்கு. தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் ஆவணம் என்ற இதழைக் கொண்டுவருகிறது. புதிதாகக் கிடைத்த கல்வெட்டு, நடுகல் எல்லாம் அதில் வரும். பள்ளி ஆசிரியர்கள் கண்டுபிடித்தவையும் வருகின்றன. பழைய இதழ்கள் என்னிடம் கட்டுக்கட்டாக இருக்கின்றன, வந்து எடுத்துக்கொண்டு போ. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஒரு நாள் உட்கார்ந்து உன் தாலுகாவின் பழைய கெஜட்டியரைப் புரட்டு. கீழடி அருங்காட்சியகம் 2023இல் திறந்தாயிற்று. பிள்ளைகளை அங்கே கூட்டிப் போவதற்கு முன் நீ தனியாக ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வா. பிள்ளைகளோடு போனால் எண்ணிக்கை பார்ப்பதிலேயே நாள் போய்விடும்.

இதெல்லாம் உடனே முடியாது என்றால் ஒன்று செய்யலாம். வரும் மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூர் போகலாம் என்றிருக்கிறேன். அந்த சைக்ளோஸ்டைல் தாளை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன், பழுப்பேறி இருந்தாலும் எழுத்து தெரிகிறது. வரலாறு நடத்துகிறவர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். நடத்தாதவர்களும் வரலாம், பிள்ளைகளையும் கூட்டி வரலாம். காலை ஏழு மணிக்கு வந்தவாசி பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். முட்டி இப்போது எனக்கும் வலிக்கிறது, அதனால் கோயிலில் உட்கார்ந்துதான் படிப்பேன். இட்லி கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். வெள்ளைத் தாளும் பென்சிலும் மறக்க வேண்டாம். மின்வாரியத்துக்காரரும் அன்றைக்கு டியூட்டி இல்லையென்றால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.